பத்துக்குப் பத்து எடுத்த கரடி

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. கதை என்றால் சிங்கம் இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். அந்த மலைக்காட்டில் தலைமை பார்த்தவர் ஒரு காட்டெருமை. பெயர் பால்வண்ணம். நிறம் அட்டக்கரி.

பால்வண்ணத்துக்கு ஒரு ஆசை இருந்தது. தன் காட்டு மிருகங்கள் மேய்வதும் தூங்குவதுமாகக் காலத்தை ஓட்டாமல் நாலு காட்டைப் போல முன்னேற வேண்டும். அதற்கு வசதியும் வாய்த்திருந்தது. அடிவாரத்து அருவிக்குக் குளிக்க வந்தவர்கள் பாறையில் வைத்து மறந்த செல்போன்கள், படம் பிடிக்கும்போது கைநழுவிய செல்போன்கள், குரங்குகள் பறித்து வந்த செல்போன்கள் என்று காட்டில் ஏகப்பட்டவை சேர்ந்திருந்தன. அருவிப் படிக்கட்டில் வரிசையாக நின்ற சோலார் விளக்குக் கம்பங்களில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். ஆகவே பால்வண்ணம் ஒரு விளையாட்டைத் தொடங்கிவைத்தார்.

விளையாட்டு ரொம்பச் சுலபம். திரையில் ஒரு கிளை. கிளையில் ஒரு பழம் இங்கும் அங்கும் ஊசலாடும். கீழே ஒரு கூடை. பழம் கூடைக்கு நேர் மேலே வரும்போது தட்டினால் காம்பு அறுந்து உள்ளே விழும். நூறு பழம் விழுந்தால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைக் கிடங்குக் குகையில் காட்டினால் நிஜமாகவே ஒரு விளாம்பழம் கையில் கொடுப்பார்கள். ஆடு, சம்பாதி, சாப்பிடு. இதற்குமேல் ஒரு மிருகத்துக்கு என்ன வேண்டும் என்று பால்வண்ணம் கேட்டார்.

கிடங்குக்குப் பழம் எங்கிருந்து வரும்? புதிதாகச் சேர்கிறவர் ஒரு கூடைப் பழம் கட்டிச் சேர வேண்டும். அதைப் பழைய ஆட்கள் ஜெயித்துச் சாப்பிடுவார்கள். புதியவர் பழையவர் ஆனதும், தனக்குப் பின்னால் வருகிறவர் கட்டிய பழத்தைச் சாப்பிடுவார். கடைசியாகச் சேர்கிறவர் என்ன சாப்பிடுவார் என்று ஒரு ஆமை கேட்டது. அந்த ஆமையை அன்றைக்கே மேட்டுக் குளத்துக்கு மாற்றல் செய்துவிட்டார்கள். அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

வருகிற பழமும் போகிற பழமும் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை செண்பகவடிவு என்ற தேவாங்குக்குக் கிடைத்தது. அவளுக்குக் கண் பெரிது. எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டாள். ஒரு கிளையை விட்டு அடுத்த கிளையைப் பிடிப்பதற்கே அரை நாழிகை யோசிப்பாள். இப்படிப்பட்டவளைவிட்டால் வேறு யார் என்று பால்வண்ணம் அவளைக் கூப்பிட்டு, சமநிலை அதிகாரி என்று ஒரு பட்டத்தையும் கொடுத்தார். விளையாட்டின் விதிகளை எழுதுவதும் திருத்துவதும் அவள் பொறுப்பு.

முதல் மாதம் செண்பகவடிவுக்குச் சந்தோஷமாகவே போனது. மான்கள் குளம்பால் தட்டின. காட்டுப்பன்றிகள் மூக்கால் தட்டின. மந்திரம்மாள் என்ற முயல், பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு தட்டு தட்டச் சொன்னாள். எல்லோரையும்விட ஆசையாக ஆடியவர் ஆவுடையப்பன் என்ற கரடி. எல்லோரையும்விட மோசமாக ஆடியவரும் அவர்தான். கை பெரிது, நகம் நீளம், பழம் கூடையைத் தாண்டிப் போன பிறகுதான் அவருக்குத் தட்டத் தோன்றும். பத்துக்கு இரண்டு விழுந்தால் பெரிய காரியம். ஆனால் விழாத பழத்துக்குத்தான் அவர் அதிகமாகச் சிரிப்பார். "போயிட்டான் பாருங்க, கையில சிக்காமப் போயிட்டான்" என்று பக்கத்தில் இருப்பவர் முதுகில் ஒரு அடி வைப்பார். அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காராததற்கு அதுதான் காரணம். அவர் சிரிப்பு அருவி வரைக்கும் கேட்கும். அதைக் கேட்கும்போதெல்லாம், நாம் ஒரு நல்ல காரியத்தில்தான் இருக்கிறோம் என்று செண்பகவடிவு நினைத்துக்கொள்வாள்.

இரண்டாம் மாதம் கிடங்கில் பழம் மளமளவென்று இறங்கியது. செண்பகவடிவு குகை வாசலில் இருந்த ஜெயித்தவர்கள் பட்டியலைப் பார்த்தாள். முதல் நாற்பது இடங்களில் கோமதி ஒன்று, கோமதி இரண்டு என்று தொடங்கி கோமதி நாற்பது வரை எழுதியிருந்தது. பெரிய குடும்பம் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தால் அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட ஒரு பழத்தையும் தவறவிடவில்லை. மழை பெய்த அன்றும் ஆடியிருந்தார்கள். காட்டுத்தீ என்று எல்லோரும் ஓடிய அன்றும் ஆடியிருந்தார்கள்.

அவள் இரண்டு நாள் நடந்து மேல் ஓடைக்குப் போனாள். சாதாரணமாக அது ஒரு மணி நேரத் தூரம்.

ஓடையில் நாற்பது மூங்கில் குழாய்கள் வரிசையாகக் கட்டியிருந்தன. ஒவ்வொன்றும் தண்ணீர் நிரம்பியதும் முன்பக்கம் சாயும், தண்ணீரைக் கொட்டும், பின்பக்கம் சொத்தென்று விழும். விழுகிற நுனியில் ஈர வாழைத்தண்டு ஒரு துண்டு. அதற்கு நேர்கீழே ஒரு செல்போன். பழம் ஊசலாடுகிற கணக்குக்கும் மூங்கில் சாய்கிற கணக்குக்கும் அப்படி ஒரு பொருத்தம். நடுவில் ஒரு பாறைமேல் கோமதிநாயகம் என்ற குரங்கு மல்லாந்து படுத்திருந்தான்.

"என்ன கோமதிநாயகம் இது?"

"வெளையாடுதுக்கா."

"யாரு?"

"மூங்கிலு."

செண்பகவடிவு கொஞ்ச நேரம் அந்த மூங்கில்களைப் பார்த்தாள். அவை அவளை மதிக்காமல் ஆடிக்கொண்டிருந்தன.

"இது ஏமாத்து வேலைன்னு உனக்குத் தோணலையா?"

கோமதிநாயகம் எழுந்து உட்கார்ந்தான். அவன் மரியாதை தெரிந்த குரங்கு. "எங்கக்கா ஏமாத்து? பழம் நேரா வரும்போது தட்டணும்னு நீங்க எழுதியிருக்கீங்க. தட்டுது. சேருறவங்க ஒரு கூடை கட்டணும்னு எழுதியிருக்கீங்க. நாப்பதுக்கும் நாப்பது கூடை கட்டியிருக்கேன். மூங்கில் சேரக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. விதிகளை எழுதியபோது அவள் புழு பூச்சி வரைக்கும் யோசித்திருந்தாள். மூங்கில் ஞாபகத்துக்கு வரவில்லை.

"உனக்கு எதுக்குப்பா இவ்வளவு பழம்?"

"பழம் கெடக்குதுக்கா. பட்டியலைப் பாத்தீங்களா? ஒண்ணுல இருந்து நாப்பது வரைக்கும் நம்ம பேருதான்." சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து செண்பகவடிவுக்கு அவனைத் திட்டக்கூட மனசு வரவில்லை.

திரும்பி வந்து அவள் முதல் திருத்தத்தைப் போட்டாள். இனி நூறுக்குப் பதில் இருநூறு பழத்துக்கு ஒரு புள்ளி. கோமதிநாயகம் இன்னும் நாற்பது மூங்கில் வெட்டினான். மற்ற மிருகங்கள் இரண்டு மடங்கு நேரம் உட்கார்ந்து ஆடின.

பழம் ஊசலாடும் வேகத்தை அடிக்கடி மாறும்படி செய்தாள். கோமதிநாயகம் ஓடையில் கல்லை ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொண்டான். காட்டுப்பன்றிகளுக்குத் தலைசுற்றி வாந்தி வந்தது.

அதன்பிறகு, ஆடுவது உயிருள்ள மிருகம்தானா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்தாள். ஆட்டத்தின் நடுவே ஒன்பது கட்டங்களாகப் படம் வரும். "புலி இருக்கும் கட்டங்களைத் தொடவும்" என்று கேட்கும். அன்று காலை பதினோரு மணிக்கு முதல் படம் வந்தது. காட்டில் இருந்த அத்தனை மான்களும் போனைப் போட்டுவிட்டுக் கிழக்கே ஓடின. மூன்று நாள் கழித்துப் பக்கத்து மாவட்டத்தில் அவற்றைப் பார்த்ததாகக் கொக்குகள் வந்து சொல்லின. கோமதிநாயகம் மட்டும் பதறவில்லை. தினம் ஒரு பழம் கூலி பேசி ஐந்து மைனாக்களை வேலைக்கு வைத்தான். அவை மூங்கில் மூங்கிலாகப் பறந்து புலியைத் தொட்டுவிட்டுப் போயின.

ஒரே சீராகத் தட்டுகிற எல்லோரையும் நீக்கிப் பார்த்தாள். மூங்கில்கள் அதற்குள் வேகம் மாற்றித் தட்டப் பழகியிருந்ததால், நீக்கப்பட்டது ஒரு மரங்கொத்தி. அது மறுநாள் காலையில் அவள் இருந்த மரத்துக்கே வந்து முறையிட்டது. வார்த்தைக்கு வார்த்தை மரத்தையும் கொத்தியது. ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் இல்லை.

"நீங்க உயிருள்ள பறவைதான்னு நான் எப்படி நம்புறது?" என்று செண்பகவடிவு வருத்தத்தோடு கேட்டாள்.

"மேடம், எனக்கு ரெண்டு குஞ்சு இருக்கு" என்றது மரங்கொத்தி.

"அதுவும் இப்படித்தான் கொத்துமா?"

மரங்கொத்தி அதைப் பார்த்துவரக் கூட்டுக்குப் பறந்தது.

கடைசியில், ஒரு மிருகத்துக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு போட்டாள். மறுநாள் மந்திரம்மாள் தன் அறுபத்துநாலு பிள்ளைகளையும் தனித்தனியாகச் சேர்க்க, ஆளுக்கு ஒரு கூடையோடு குகை வாசலில் வந்து நின்றாள். இது போலிக் குடும்பம் என்று செண்பகவடிவு தீர்மானித்து ஒவ்வொரு குட்டியாகக் காதைத் தூக்கிப் பார்த்தாள். அத்தனையும் நிஜம். பார்த்து முடிப்பதற்குள் மூன்று கூடிவிட்டன.

இந்தச் சமயத்தில்தான் ஆவுடையப்பன் அவளைத் தேடி வந்தார். வந்தவர் மரத்தடியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த சத்தமே கேட்கவில்லை. செண்பகவடிவு கீழே பார்த்தாள். தொப்பை இருந்த இடத்தில் தோல் தொங்கியது.

"என்ன அண்ணாச்சி, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல தாயி. நேரம் கெடைக்கலை. விடிஞ்சதும் உக்காந்தா இருட்டுற வரைக்கும் தட்டுறேன். ஒரு பழத்துக்கு ரெண்டு நாளாகுது."

"தேன், கரையான் எல்லாம்?"

"அதுக்கெல்லாம் எங்க போறது? போனா ஆட்டம் விட்டுப்போவுதுல்ல." நகத்தால் முழங்காலைச் சொறிந்துகொண்டார். "தப்பா நெனைக்காத. ஒரு சின்னக் கேள்வி. முந்தி இது வெளையாட்டா இருந்துச்சு இல்ல?"

"ஆமா அண்ணாச்சி."

"அதான். எனக்குத்தான் மறந்துபோச்சோன்னு நெனைச்சேன்."

அவர் எழுந்து ஆடப் போனார். தலைக்கு மேலே நாவல் மரம் பழுத்துக் கிடந்தது. அவர் காலடியில் பழங்கள் நசுங்கின. அவர் கவனிக்கவில்லை. அந்த மரத்தில் இருந்தபடியே செண்பகவடிவு அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளாக அவர் சிரிப்பைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இரண்டு நாள் ஒரே கிளையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். மூங்கிலுக்கும் மிருகத்துக்கும் என்ன வித்தியாசம்? மூங்கில் தவறுவதில்லை. மிருகம் தவறும். கண் அசரும், காது அரிக்கும், பக்கத்தில் யாராவது பேசினால் திரும்பிப் பார்க்கும். அப்படியானால் தவறுகிறவர்தான் உயிர். தவறுகிறவருக்குத்தான் பரிசு.

புது விதி மறுநாள் அமலுக்கு வந்தது. எல்லாப் பழத்தையும் கூடையில் போடுகிறவருக்கு ஒன்றும் கிடையாது. இயற்கையாகத் தவறவிடுகிறவருக்கு முழுப்பரிசு.

இந்த விதியால் காட்டில் ஒரே நாளில் பெரிய ஆள் ஆனவர் ஆவுடையப்பன். அவர் அளவுக்கு இயற்கையாகத் தவறவிட யாராலும் முடியவில்லை. பட்டியலில் முதலிடம் அவருக்கு வந்தது. மூன்று நாளில் முப்பது விளாம்பழம். எண்பது கோமதிகளும் பட்டியலின் அடியில் கிடந்தார்கள். நாலாம் நாள் ஆவுடையப்பன் சிரித்தார். அருவி வரை கேட்கவில்லை என்றாலும் செண்பகவடிவுக்குக் கேட்டது. அவள் அந்தக் கிளையிலேயே கண்ணை மூடிக்கொண்டு, அப்பாடா என்றாள்.

கோமதிநாயகம் ஒரு வாரம் ஓடைப் பக்கமே போகவில்லை. தேனடை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஆவுடையப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கரடிக்குச் சந்தோஷம். பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து எவ்வளவோ நாளாகிறது. முதுகில் நாலு அடி வாங்கியும் குரங்கு நகரவில்லை.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணு தவறவிட்டா அடுத்ததைத் தொடவே மாட்டேங்கிறீங்களே, ஏன்?"

"பரிசு கெடைச்சாலும் விட்டது வருத்தம்தான், வேறென்ன. பெருமூச்சு விட்டு முடியுறதுக்குள்ள அடுத்தது போயிடுது."

"மூணாவதை ரெண்டு தடவை தட்டுறீங்க?"

"அது கோவம்."

கோமதிநாயகம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். ஓடைக்குத் திரும்பி மூங்கில் ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை போட்டு, ஒரு பக்கம் கூழாங்கல் கட்டினான். மூங்கில் ஒரு பழத்தைத் தவறவிடும். தண்ணீர் ஓட்டை வழியாக ஒழுகுகிற நேரத்துக்குச் சும்மா நிற்கும். அதற்கடுத்த பழத்தை இரண்டு தடவை தட்டும். எண்பது மூங்கிலும் எண்பது ஆவுடையப்பன்களாக உட்கார்ந்து தவறவிட்டன.

விதிகளில் ஒன்று இப்படிச் சொன்னது: பல போன்கள் ஒரே மாதிரி ஆடினால், அவற்றில் அதிக நேரம் ஆடியவற்றை அசலாக எடுத்துக்கொண்டு, குறைந்த நேரம் ஆடியதை மட்டும் நகல் என்று நீக்க வேண்டும். கரடி சாப்பிடவும் தூங்கவும் எழுந்து போகிறவர். எண்பது மூங்கிலில் ஒன்றுகூட எழுந்து போவதில்லை. மறுநாள் காலை ஆவுடையப்பன் போனில் ஒரு வரி வந்தது. "நீங்கள் ஒரு நகல்."

அவர் அதை எடுத்துக்கொண்டு செண்பகவடிவிடம் வந்தார். "இதுல என்னமோ எழுதியிருக்கு தாயி. யாருக்கு நகலாம் நான்?"

செண்பகவடிவு நேராகப் பால்வண்ணத்திடம் போனாள். அவள் வேகமாக நடந்து அந்தக் காடு பார்த்தது அன்றுதான். "ஐயா, கரடி கரடிதான். எனக்கு நல்லாத் தெரியும். நான் கையெழுத்துப் போட்டுத் திரும்பச் சேத்துக்கிடுறேன்."

கோமதிநாயகமும் அங்கே வந்திருந்தான். பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். "முகத்தைப் பாத்துச் சேத்தா, நாளைக்கு வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு பேச்சு வரும் ஐயா. சோதனை வச்சுடலாம். எல்லாருக்கும் ஒரே நியாயம்."

நியாயம் என்ற சொல்லைக் கேட்டால் பால்வண்ணம் மறுக்கமாட்டார். அன்று மத்தியானமே ஓடைக்கரையில் சோதனை. தேக்கிலைகளைக் கோத்து ஒரு திரை கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மூலையில் மூங்கில், இன்னொரு மூலையில் கரடி. யார் எந்தப் பக்கம் என்று பால்வண்ணத்துக்குத் தெரியாது. பத்துப் பழம் ஆட வேண்டும். ஆடிய ஆட்டத்தை மட்டும் ஒரு மைனா உரக்கச் சொல்லும். அதைக் கேட்டு எது உயிர் என்று அவர் தீர்ப்புச் சொல்வார். காடே வந்து கூடியிருந்தது.

மைனா முதல் போனைச் சொன்னது. தவறியது. சும்மா நின்றது. கோபமாக இரண்டு தட்டு. விழுந்தது. தவறியது. மறுபடி சும்மா நின்றது. கூட்டத்தில் மந்திரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், மனுசன் எவ்வளவு வருத்தப்படுதாரு" என்றாள். பத்துக்கு இரண்டு.

இரண்டாவது போன்.

ஆவுடையப்பன் போனை இறுக்கிப் பிடித்தார். காடே தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு பழத்தைக்கூடத் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தான் தவறவிடத்தான் வேண்டும் என்பது அந்தப் படபடப்பில் அவருக்குச் சுத்தமாக மறந்துபோனது. கண் இமைக்கவில்லை. விழுந்தது. விழுந்தது. விழுந்தது. மைனா சொல்லச் சொல்ல, செண்பகவடிவு தன் பெரிய கண்களை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

பத்துக்குப் பத்து.

"ரெண்டாவதுதான் மெஷின்" என்றார் பால்வண்ணம். "இதுல சந்தேகத்துக்கே இடமில்ல."

திரையை விலக்கினார்கள். ஆவுடையப்பன் போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் பல். வாழ்க்கையில் முதல்தடவையாகப் பத்துக்குப் பத்து. "தாயி, பாத்தியா? ஒண்ணுகூட விடலை" என்றார். யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஐயா, இவரு நம்ம ஆவுடையப்பன்" என்றாள் செண்பகவடிவு.

"பாத்தாத் தெரியுதும்மா" என்றார் பால்வண்ணம். "ஆனா தீர்ப்பு சொல்லியாச்சே."

கரடி போனைப் பாறையில் வைத்தார். துடைத்துவிட்டுத்தான் வைத்தார். பிறகு மேட்டுப் பக்கமாக நடந்து போனார்.

ஒரு மாதம் செண்பகவடிவு அந்தப் பக்கம் போகவில்லை. போவதற்கு முகம் இல்லை. பிறகு ஒருநாள், அவர் சேரும்போது கட்டிய கூடைப் பழத்தையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இழுத்துக்கொண்டு போனாள். புற்றுக்காட்டில் அவரைக் கண்டாள். தலை முழுவதும் புற்றுக்குள் இருந்தது. வெளியே தெரிந்த பாகம் பழையபடி உருண்டு திரண்டிருந்தது.

"அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க. நான் எழுதுன விதிதான் உங்களை இப்படி ஆக்கிடுச்சு."

ஆவுடையப்பன் தலையை எடுத்தார். மூக்கில் மண். "நல்லாத்தான் ஆயிருக்கேன் தாயி. மெஷினா இருக்கிறது ஒண்ணும் மோசமில்ல. எந்திரிச்ச நேரத்துக்கு எந்திரிக்கிறேன். கரையான் இருக்கு, தேன் இருக்கு. நேத்து ஒரு தேன்கூட்டைக் கிளையோட இழுத்தேன். கிளை, கூடு, நானு, மூணு பேரும் ஓடையில விழுந்தோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். செண்பகவடிவு கூடையைக் கீழே வைத்தாள். சிரிப்பு அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தாள். யோசிக்க நேரமும் இருந்தது.

மறுநாளிலிருந்து அந்தக் காட்டில் ஒவ்வொரு மிருகத்துக்கும் அறிவிப்பு வந்தது. "நீங்கள் இயந்திரம் என்று உறுதியாகியுள்ளது. உங்கள் கூடை திருப்பித் தரப்படும்." காட்டுப்பன்றிகளுக்கு வந்தது. ஓடிப்போய்த் திரும்பிய மான்களுக்கு வந்தது. மந்திரம்மாள் குழந்தைகுட்டியோடு சண்டைக்கு வந்தாள்.

"ஏம்மா, என் அறுபத்தேழு பிள்ளைங்களும் மெஷினா? நான் பெத்தேனே, எனக்குத் தெரியாதா?"

"நல்ல மெஷினாப் பெத்திருக்கீங்க" என்றாள் செண்பகவடிவு. "அறுபத்தேழு கூடை இருக்கு. இப்பவே வாங்கிக்கிடுறீங்களா?"

மந்திரம்மாள் பிள்ளைகளோடு வரிசையில் போய் நின்றாள்.

ஒரு நாள் முழுக்கக் காடு முறுமுறுத்தது. இரண்டாம் நாள், செய்வதற்கு வேறு வேலை இல்லாததால், மிருகங்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. அத்தி பழுத்திருந்தது. நெல்லி காய்த்திருந்தது. மூன்றாம் நாள் யாரும் எதைப் பற்றியும் புகார் சொல்லவில்லை.

பால்வண்ணம் குகைக்கு வந்தார். "கிடங்கு காலியா இருக்கே?"

"கட்டுனவங்களுக்குத் திருப்பிக் கொடுத்தாச்சு ஐயா. ஏமாத்துறவங்க எல்லாரையும் நீக்கியாச்சு."

"இப்ப எத்தனை பேர் ஆடுறாங்க?"

"எண்பது."

"ஒழுங்கா ஆடுறாங்களா?"

"ஒருத்தரும் எந்திரிச்சுக்கூடப் போறதில்ல. மழையிலயும் ஆடுறாங்க. ஒரு புகார் இல்ல."

பால்வண்ணத்துக்கு மனம் நிறைந்தது. இப்படிப்பட்ட குடிமக்கள் தனக்கு இருந்தது இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்றே என்றார்.

அன்று சாயங்காலம் கோமதிநாயகம் எண்பது மூங்கிலின் புள்ளிகளோடு பழம் வாங்க வந்தான். கிடங்கு காலி என்று செண்பகவடிவு சொன்னாள்.

"அப்ப பழம் எப்ப வரும்க்கா?"

"யாராவது புதுசாச் சேந்தா வரும். ஒரு ஆளுக்கு ஒரு கூடை."

"யாரு சேருவா? காட்டுல எல்லாரும்தான் மெஷின்னு சொல்லிட்டீங்களே."

"அதான் எனக்கும் தெரியலை."

கோமதிநாயகம் வாலைச் சுருட்டிக்கொண்டு யோசித்தான். மறுநாள் விடியும் முன்பே மரம் ஏறி, பத்துக் கூடை பழம் பறித்து, தோளில் சுமந்து வந்து கிடங்கில் கட்டி, பத்து மூங்கிலைப் புதிதாகச் சேர்த்தான். சாயங்காலம் தொண்ணூறு மூங்கிலும் ஜெயித்ததற்காக அதே பத்துக் கூடைப் பழத்தைத் தோளில் சுமந்து ஓடைக்குக் கொண்டுபோனான். அடுத்த நாள் பழம் வேண்டும் என்பதால் அவற்றைத் திரும்பச் சுமந்து வந்து கட்டி, இன்னும் பத்து மூங்கிலைச் சேர்த்தான். வழியில் சிந்தியதை ஈடுகட்ட மட்டும் மரம் ஏறினான். மைனாக்கள் கூலி பற்றாது என்று நின்றுவிட்டதால், புலிப் படத்தையும் அவனே தொட வேண்டியிருந்தது.

உள்ளே வருகிற பழமும் வெளியே போகிற பழமும் முதல்தடவையாகக் காய்க்குக் காய் சரியாக இருந்தன. ஆடுகிறவர் எண்ணிக்கை நாளுக்குப் பத்து ஏறியது. பக்கத்துக் காடுகளிலிருந்து இந்த அதிசயத்தைக் கற்றுக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். பால்வண்ணம் அவர்களைக் குகை வாசலில் நிறுத்தி, கூடையோடு போகிற கோமதிநாயகத்தையும் கூடையோடு வருகிற கோமதிநாயகத்தையும் காட்டினார். இரண்டு பேர் என்று நினைத்து அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் கோமதிநாயகம் கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். தோளில் காய்ப்பு காய்த்திருந்தது.

"அக்கா, பட்டியல்ல இப்ப எத்தனை வரைக்கும் நம்ம பேரு?"

"ஒண்ணுல இருந்து முன்னூத்தி இருபது வரைக்கும். வேற பேரே இல்ல."

"அப்ப நான் ஜெயிச்சுட்டேன்ல?"

"ஜெயிச்சுட்ட கோமதிநாயகம்."

அவன் திருப்தியாகத் தலையாட்டினான். பிறகு நேரமாகிறது என்று கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தான்.

நீதி: ஏமாற்றுகிறவனைப் பிடிக்க வலைவிரித்து அலையாதீர்கள், யோக்கியர்கள் அத்தனை பேரையும் வெளியேற்றிவிடுங்கள், பிறகு அவனைப் போல நாணயமாக உழைக்கிறவன் உலகத்தில் கிடைக்கமாட்டான்.